பிறவி இணை என்றால் ஏன் இத்தனை துன்பம்? தாய்லாந்துக் காதல் தொடர்களின் உள்கணக்கு

தாய்லாந்துக் காதல் தொடர்களைச் சப்டைட்டில் துணையோடு பார்க்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு குழப்பம் தவறாமல் வருகிறது. நாயகனும் நாயகியும் பிறவிதோறும் தொடரும் இணை என்று முதல் வாரத்திலேயே கதை அறிவித்துவிடுகிறது. அதன்பின் வாரக்கணக்கில் அவர்கள் ஒருவரையொருவர் வெறுக்கிறார்கள், சந்தேகப்படுகிறார்கள், பழிவாங்குகிறார்கள். சில தொடர்களில் நாயகன் நாயகியைக் கடத்திக்கொண்டுபோய் அடைத்தும் வைக்கிறான். கடைசி வாரத்தில் மன்னிப்பும் திருமணமும் வந்துவிடுகின்றன. சேர்ந்தே தீர வேண்டியவர்கள் என்றால் இடையில் இத்தனை கொடுமை எதற்கு, கொடுமை செய்தவனை விதி தந்த துணை என்று எப்படி ஏற்பது என்ற இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. அவற்றுக்கான விடையைப் பௌத்தக் கருத்துகள், தொலைக்காட்சித் தொழிலின் பழக்கங்கள், தாய்லாந்தின் குடும்பச் சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெற முடியும்.

லக்கோன்: சுருக்கமான அறிமுகம்

தாய்லாந்தில் தொலைக்காட்சித் தொடரை லக்கோன் என்கிறார்கள். நம் ஊர் நெடுந்தொடர்களைப் போல இது ஆண்டுக்கணக்கில் ஓடுவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் என ஒளிபரப்பாகி, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடும். கதைகளில் பெரும்பகுதி அச்சில் வந்து புகழ்பெற்ற நாவல்களிலிருந்து எடுக்கப்படுவதால், ஒரே கதை பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நடிகர்களோடு மீண்டும் எடுக்கப்படுவது வழக்கம். நெடுங்காலம் சேனல் 3, சேனல் 7 ஆகிய இரண்டும் இத்துறையில் கோலோச்சின. 2014இல் டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கிய பின் ஒன்31, ஜிஎம்எம்25 போன்றவை களத்துக்கு வந்தன. மறுபதிப்புப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஆண்-பெண் உறவு இன்றைய திரையில் அப்படியே வந்து நிற்பதற்கு அதுவே முதற்காரணம்.

இணையைக் குறிக்கும் மூன்று கருத்துகள்

சப்டைட்டிலில் ஒரே சொல்லாக வருபவை தாய் மொழியில் மூன்று வேறு கருத்துகள். அவற்றைப் பிரித்தறியாமல் கதையின் போக்கைப் பிடிக்க இயலாது.

1. நுவா கூ: ஒருவருக்கென்றே அமைந்த துணை. ஜோதிடரிடம் போய், அவர் எந்தத் திசையிலிருந்து, எந்த வயதில் வருவார் என்று கேட்கப்படும் நபர் இவரே.

2. புப்பேசன்னிவாத்: பாலி மொழியிலிருந்து வந்தது. முற்பிறவியில் கூடி வாழ்ந்தவர்கள் இப்பிறவியிலும் ஒருவரை நோக்கி ஒருவர் இழுக்கப்படுதல். ஒரே பிறவியில் சேர்ந்து புண்ணியம் செய்தவர்கள், ஒரே பாத்திரத்திலிருந்து பிக்குவுக்கு அன்னமிட்டவர்கள் என்று தாய் வழக்கு இத்தகைய ஜோடியைச் சொல்லும். தொடர்களில் காதலர்கள் விடியற்காலையில் இருவர் கையும் சேர அன்னமிடுவதையும், பின்னர் நீர் வார்த்துப் புண்ணியத்தை அர்ப்பணிப்பதையும் காட்டுகிறார்கள் என்றால், அடுத்த பிறவிக்கும் இந்த உறவு உறுதி செய்யப்படுகிறது என்றே உள்ளூர்ப் பார்வையாளர் அதைப் புரிந்துகொள்வார்.

3. கூ கம், கூ வேன்: வினையால் பிணைந்த ஜோடி, பகையால் பிணைந்த ஜோடி. இவர்களும் சேர்ந்தே ஆக வேண்டியவர்கள்தாம். ஆனால் இவர்களைச் சேர்ப்பது முற்பிறவி அன்பு அல்ல. தீர்க்கப்படாமல் நிற்கும் கடன்.

மூன்றாவது கருத்தே நம் குழப்பத்தின் மையம். விதி சேர்த்த ஜோடி மகிழ்ச்சியாக இருக்கும் என்ற உறுதிமொழி இந்த மரபில் எங்கும் தரப்படவில்லை. சேர்க்கை மட்டுமே விதிக்கப்பட்டது; அது இன்பமா துன்பமா என்பது எந்தக் கணக்கு நிலுவையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இவை கதைக்காக மட்டும் எடுத்தாளப்படும் கருத்துகள் அல்ல. பாங்காக்கில் சென்ட்ரல்வேர்ல்டு வணிக வளாகத்தின் முன்னுள்ள திரிமூர்த்தி சன்னிதியில் வியாழக்கிழமை இரவு 9.30 மணிக்குச் சிவப்பு ரோஜாக்களும் சிவப்பு மெழுகுவத்திகளும் ஏந்தி, தமக்குரிய துணையை வேண்டி இளைஞர்கள் கூட்டமாக நிற்பதை இன்றும் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய சீலோம் மாரியம்மன் கோயிலுக்கும் தாய் பௌத்தர்கள் இதே வேண்டுதலோடு வருகிறார்கள்.

பௌத்த நூல்கள் சொல்வதும் தொடர்கள் எடுத்துக்கொள்வதும்

புப்பேசன்னிவாத் என்ற கருத்துக்கு மூலமாக வழக்கமாகக் காட்டப்படுவது, புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான சாகேத ஜாதகத்தில் வரும் ஒரு பாலி அடி. முன்பு கூடி வாழ்ந்ததாலோ, இப்போது செய்யும் நன்மையாலோ, நீரில் குவளை தோன்றுவது போல அன்பு தோன்றுகிறது என்பது அதன் பொருள். இதில் இரண்டு காரணங்கள் சம நிலையில் வைக்கப்பட்டுள்ளன. தொடர்கள் முதற்காரணத்தைப் பற்றிக்கொண்டு, இப்போது செய்யும் நன்மை என்ற இரண்டாவதைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றன. கதைக்கு வேகம் தருவது முன்னதுதான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் உறவுக்கு உரமாவது பின்னது.

புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் நகுலபிதா, நகுலமாதா என்ற வயது முதிர்ந்த தம்பதியர் மறுபிறவியிலும் ஒருவரையொருவர் காண விரும்புவதாகப் புத்தரிடம் சொல்கிறார்கள். நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு ஆகிய நான்கிலும் இருவரும் ஒத்தவர்களாக இருந்தால் அது கைகூடும் என்பது அவர்களுக்குக் கிடைக்கும் விடை. இங்கும் துணை என்பது நட்சத்திரத்தில் எழுதி வைக்கப்பட்டதாக இல்லை. இருவரும் நாள்தோறும் உழைத்துப் பெறுவதாகவே இருக்கிறது. தவிர, நிலையான ஆன்மா என்ற ஒன்றையே தாய்லாந்தில் பின்பற்றப்படும் தேரவாத பௌத்தம் ஏற்பதில்லை. ஆகவே ஆவி உடல் விட்டு உடல் பாய்ந்து காதலனைத் தேடி வருவதெல்லாம் நாட்டுப்புற நம்பிக்கையும் நாவல் மரபும் சேர்ந்து செய்தவை.

தமிழிலும் இக்கருத்துக்கு ஒரு பௌத்த முன்வடிவம் உண்டு. மணிபல்லவத்தில் தன் பழம்பிறப்பை அறியும் மணிமேகலை, தன்னைத் துரத்தும் உதயகுமரனே முற்பிறவியில் தன் கணவனாயிருந்த இராகுலன் என்று தெரிந்துகொள்கிறாள். அறிந்த பின்பும் அவள் அவனை ஏற்கவில்லை. பழைய பிணைப்பு அவனுக்கு எந்த உரிமையையும் தந்துவிடவில்லை. தாய்லாந்துத் தொடர்கள் பல ஆண்டுகளாகத் தட்டுத்தடுமாறி வந்து சேரும் இடம் இதுதான் என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு தொடரை அருகில் வைத்துப் பார்த்தால்

அந்தக் கருத்தையே தலைப்பாகக் கொண்ட ‘புப்பேசன்னிவாத்’ தொடரை 2018 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சேனல் 3 ஒளிபரப்பியது. ரோம்பேங் என்ற புனைபெயரில் எழுதும் பெண் எழுத்தாளரின் நாவலே அதற்கு மூலம். நாராய் மன்னர் ஆண்ட பதினேழாம் நூற்றாண்டில், அன்றைய தலைநகரான அயுத்தயாவில் கதை நிகழ்கிறது.

காரகேத் என்ற உயர்குடிப் பெண் பொறாமைக்காரி, பணிப்பெண்களை அடிப்பவள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட தேத் என்ற இளம் அதிகாரியின் மனம் வேறொரு பெண்ணை நாடுகிறது. அந்தப் பெண்ணின் படகைக் கவிழ்க்க காரகேத் சூழ்ச்சி செய்ய, படகில் இருந்த பணிப்பெண் இறந்துபோகிறாள். குற்றவாளியைக் கண்டறிய தேத்தும் அவன் தந்தையும் கிருஷ்ணகாளி மந்திரத்தை ஓதுகிறார்கள், காரகேத் இறக்கிறாள். அதே வேளையில் நிகழ்காலத்தில் கேத்சுராங் என்ற தொல்லியல் படித்த பெண் சாலை விபத்தில் உயிரிழக்க, அவளுடைய ஆவி காரகேத்தின் உடலில் கண்விழிக்கிறது.

ஆக, தேத் வெறுப்பது ஒருத்தியை. அவன் எதிரில் நிற்பவள் இன்னொருத்தி. தான் செய்யாத கொலைக்கான வெறுப்பைக் கேத்சுராங் சுமக்கிறாள். காரகேத்தின் ஆவியோ தன் பொருட்டுப் புண்ணியம் செய்யும்படி அவளிடம் கேட்கிறது. முன்னே சொன்ன மூன்று கருத்துகளும் இங்கே ஒரே வீட்டுக்குள் இயங்குகின்றன: தேத்துக்கும் கேத்சுராங்குக்கும் இடையே முற்பிறவித் தொடர்பு, காரகேத்தின் தலைமேல் தீராத பகை, அதைத் தீர்க்கும் வழியாகப் புண்ணியம்.

ஆனால் தேத்தின் மனம் எதனால் மாறுகிறது என்று கவனித்தால் வேறொன்று தெரியும். விதி அவனை ஒரே நாளில் மாற்றிவிடுவதில்லை. அந்தப் பெண் பணிப்பெண்களை அடிப்பதை நிறுத்துகிறாள், அவர்களோடு அமர்ந்து பேசுகிறாள், சமையற்கட்டில் மாங்காய்க்கு இனிப்பு மீன்சாறு காய்ச்சித் தொட்டுச் சாப்பிடக் கொடுக்கிறாள். சந்தேகக் கண்ணோடு ஒதுங்கி நின்ற அவன் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல நெருங்குகிறான். ஜாதக அடியின் இரண்டாவது காரணம் இங்கே தன் வேலையைச் செய்கிறது. தலைப்பு பழம்பிறவியைப் பேசினாலும், காட்சிகள் பேசுவது இன்றைய நன்மையைத்தான். இத்தொடர் மற்றவற்றைவிட மேலாக நிற்பதற்கு இதுவே காரணம் என்பது என் மதிப்பீடு.

விதியின் கருணை எல்லோருக்கும் கிட்டுவதும் இல்லை. மன்னரின் நம்பிக்கைக்குரிய கிரேக்கரான கான்ஸ்டன்டைன் ஃபால்கனை மணந்த மரியா கியுமார் வரலாற்றில் வாழ்ந்த பெண். முட்டைக்கரு சேர்ந்த தாய் இனிப்புகளோடு அவர் பெயர் இன்றும் இணைத்துப் பேசப்படுகிறது. தொடர் அவருடைய திருமணத்தை மகிழ்ச்சியற்ற ஒன்றாகவே காட்டுகிறது. விதி சேர்த்த ஜோடிக்குப் பக்கத்திலேயே, அரசியலும் சூழலும் சேர்த்து வைத்த இந்த ஜோடியும் நிற்பதால், பார்வையாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

தொடரின் தாக்கம் திரையோடு நிற்கவில்லை. அயுத்தயாவின் வாத் சாய்வத்தனாராம் கோயில் இடிபாடுகளுக்கு மக்கள் பழங்கால உடையணிந்து திரண்டார்கள். வழக்கொழிந்திருந்த ‘ஓசாவ்’ என்ற முன்னிலைச் சொல் கடைத்தெருவரை வந்தது. 2023இல் வந்த தொடர்ச்சிக்கு ‘ப்ரோம் லிகித்’, அதாவது பிரமன் எழுதிய எழுத்து என்று பெயரிட்டார்கள். தலையெழுத்து என்று நாம் சொல்வதன் அதே பொருள்.

கொடுமை காதலாக மாறும் இடம்

எல்லாத் தொடர்களும் இப்படி இல்லை. தொம்மயந்தியின் ‘கூ கம்’ நாவல் தாய்லாந்தின் மிகப் புகழ்பெற்ற காதல் கதைகளில் ஒன்று. 1990இல் சேனல் 7 ஒளிபரப்பிய வடிவத்தை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பாங்காக் நொய் பகுதியில் வாழும் அங்சுமாலின், ஜப்பானியக் கடற்படை அதிகாரி கொபோரியை அரசியல் நிர்ப்பந்தத்தால் மணக்கிறாள். குடிபோதையில் அவன் அவளைப் பலவந்தப்படுத்தும் நிகழ்வும் கதையில் உண்டு. குண்டுவீச்சில் அவன் உயிர் பிரியும் வேளையில்தான் அவள் தன் காதலைச் சொல்கிறாள். நாட்டுப்பற்றுக்கும் காதலுக்கும் இடையில் நசுங்கும் பெண்ணின் கதை என்ற அளவில் இது வலிமையானது. ஆனால் பலவந்தத்தை வினைப்பிணைப்பின் ஒரு பகுதியாக விழுங்கிச் செரித்துவிடுகிறது என்பதும் உண்மை.

பின்னர் வந்த வணிகத் தொடர்கள் இந்த அடிப்படையை வாய்ப்பாடாக்கின. ‘தொப் சூப்’, அதாவது அறைதலும் முத்தமும், என்றே அவ்வகைக்குப் பெயர். 2008இல் மறுபடியும் எடுக்கப்பட்ட ‘சாம்லோய் ரக்’ தொடரில், தம்பியின் தற்கொலைக்குக் காரணமானவள் என்று தவறாக நினைத்து நாயகன் வேறொரு பெண்ணைத் தீவுக்குக் கடத்திச் செல்கிறான். அவளே பின்னர் அவனைக் காதலிக்கிறாள். இவ்வகைத் தொடர்களின் உள்தர்க்கத்தைப் படிப்படியாக எழுதினால் இப்படி அமையும்:

1. இருவரும் விதியால் பிணைந்தவர்கள், பிரிய வழியில்லை.

2. பிரிய வழியில்லை என்பதால் வெறுப்பும் வன்முறையும் காதலுக்கு முந்தைய கட்டங்கள் மட்டுமே.

3. அவள் படும் துன்பம் அவளுடைய பழைய வினை கழிவதன் அடையாளம்.

4. பொறுத்துக்கொண்டால் வினை தீரும். ஆகவே பொறுமையே நாயகியின் தகுதி.

மூன்றாவது படியில்தான் தர்க்கம் முறிகிறது. செய்பவரின் எண்ணத்தையே தாம் வினை என்று சொல்வதாகப் புத்தர் அங்குத்தர நிகாயத்தில் தெளிவாகக் கூறுகிறார். அப்படியானால் கை ஓங்குபவன் அந்தக் கணமே புதிய வினையைச் சேர்த்துக்கொள்கிறான். அவனுடைய கணக்கைப் பற்றித் தொடர் வாய் திறப்பதில்லை. அடி வாங்கியவளின் பழைய கணக்கை மட்டும் கூட்டிக் கழிக்கிறது. மதக் கருத்து என்ற பெயரில் வருவது உண்மையில் மதத்தின் அரைக்கணக்கு.

தொழில்சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. நாங்-ஏக் எனப்படும் நாயகி ஆசையை வெளிக்காட்டக் கூடாது. வெளிக்காட்டுபவள் நாங்-ராய், அதாவது வில்லி என்பது லக்கோனின் பழைய எழுதாச் சட்டம். நாயகனோடு நெருக்கமும் வேண்டும், நாயகியின் கற்பும் பழுதுபடக் கூடாது என்றால், திரைக்கதையாசிரியருக்குக் கிடைக்கும் எளிய குறுக்குவழி பலவந்தம். அவள் விரும்பவில்லை, ஆகவே அவள் மீது பழியில்லை என்ற வசதி அதில் இருக்கிறது. அந்த வசதிக்கான விலையைத் திரைக்கு வெளியே வேறு பெண்கள் கொடுக்கிறார்கள் என்ற எதிர்ப்பு நெடுநாள் இருந்தது. 2014 ஜூலையில் இரவு ரயிலில் 13 வயதுச் சிறுமி வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. அந்த ஆண்டில் தொடர்களில் வன்புணர்வைக் காதலாகக் காட்டுவதற்கு எதிராக இணையத்தில் கையெழுத்து இயக்கமும் நடந்தது.

சட்டம் திரையைவிட முன்னே போயிருந்தது. தண்டனைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு 2007 வரை மனைவி அல்லாத பெண்ணை வன்புணர்வதையே குற்றமாக வரையறுத்திருந்தது. அவ்வாண்டின் திருத்தம் அந்த விலக்கை நீக்கியதோடு, குடும்ப வன்முறைக்கென்று தனிச்சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. அதாவது, 2008இன் ‘காதல்’ காட்சிகளில் சில, ஒளிபரப்பான அன்றே நாயகனைச் சிறைக்கு அனுப்பத் தக்கவை.

மூத்தவளும் இளையவளும்: சட்டத்தின் நிழல்

பிறவி இணைக் கதைகளுக்கு அடுத்தபடியாக மிகுதியாக எடுக்கப்படுபவை மியா லுவாங் என்ற முறைப்படி மணந்த மனைவிக்கும் மியா நொய் என்ற இளையவளுக்கும் இடையிலான போராட்டக் கதைகள். 1805இல் தொகுக்கப்பட்ட மூன்று முத்திரைச் சட்டம் ஓர் ஆணின் மனைவியரை மூன்று தகுதிகளாகவே பிரித்திருந்தது. 1935இல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம் ஒருதார மணத்தை விதித்து, மாவட்ட அலுவலகத்தில் பதிவான திருமணம் மட்டுமே செல்லும் என்றது. இதனால் பலதாரம் சட்டத்திலிருந்து அகன்றாலும், சடங்கு மட்டும் நடந்து பதிவு நடக்காத உறவு என்ற புதிய இடைவெளி உருவானது. தொடர்களில் பதிவுச் சான்றிதழை மேசை மேல் வீசி மனைவி பேசும் காட்சியின் கூர்மை இந்த வரலாற்றிலிருந்து வருவது.

சிவில் சட்டத்தின் 1523ஆம் பிரிவு இன்னும் சுவையானது. மனைவியோடு தகாத உறவு கொண்ட எவரிடமும் கணவன் இழப்பீடு கேட்கலாம் என்றிருந்தது. ஆனால் மனைவி கேட்க வேண்டுமென்றால், மற்றவள் கணவனோடு உள்ள உறவை வெளிப்படையாகக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. நாலு பேர் நடுவில் இளையவள் கணவனின் கையைப் பிடித்து நிற்பதும், மனைவி அவளை அறைவதும் மீண்டும் மீண்டும் வருவதற்கு நாடக உணர்ச்சியே முதற்காரணம். எனினும் வெளிப்படையாக நடந்தால்தான் மனைவிக்கு வழக்கு என்ற சட்டச் சூழலும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. இந்த வேறுபாடு பாலினச் சமத்துவத்துக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது.

இப்போது நிகழும் மாற்றம்

மாற்றம் மூன்று திசைகளில் தெரிகிறது. வானொலியில் நேயர்கள் சொன்ன சொந்தக் கதைகளை அடிப்படையாகக் கொண்டு 2012 முதல் பல பருவங்களாக வந்த ‘கிளப் ஃப்ரைடே’ தொடர்கள், விதியைப் பெரிதாக இழுக்காமல் துரோகம், சார்பு, பிரிவு ஆகியவற்றை அன்றாட நிகழ்வுகளாகக் காட்டின. ஒன்31இன் ‘மியா 2018’ தொடரில் ஏமாற்றப்பட்ட மனைவி இளையவளோடு மல்லுக்கட்டுவதைவிட, விவாகரத்து பெற்றுத் தன் காலில் நிற்பதையே தேர்கிறாள். தாய்லாந்துப் பார்வையாளர் இதை வரவேற்றது, பொறுமைசாலி நாயகிக்கான மவுசு குறைந்ததன் அடையாளம்.

மூன்றாவது திசை, ஆண்-ஆண் காதலைச் சொல்லும் ஒய் தொடர்கள். 2019 நவம்பரில் தொடங்கிய ‘அன்டில் வீ மீட் அகெய்ன்’ பிறவி இணைக் கருத்தை நேரடியாகக் கையாள்கிறது. தந்தையரின் எதிர்ப்பால் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் உயிரை மாய்த்துக்கொண்ட கோர்ன், இன் என்ற இரு மாணவர்கள், இன்று டீன், ஃபாம் என்ற இரு பல்கலைக்கழக மாணவர்களாகப் பிறந்திருக்கிறார்கள். கிழக்காசிய மரபின் சிவப்பு நூல் இவர்களைக் கட்டியிருக்கிறது. இருவரில் யாரும் மற்றவருக்குப் பகைவர் அல்லர். துன்பத்தின் ஊற்று உறவுக்குள் இல்லை. அதை அனுமதிக்காத குடும்பத்தில் இருக்கிறது. என் கனவில் வரும் அழுகை என்னுடையதா, இறந்தவனுடையதா, நான் நேசிப்பது இவனையா அவனையா என்ற கேள்வியையும் தொடர் விடாமல் பின்தொடர்கிறது. வினையைக் காரணமாக ஏற்று, அதைக் கட்டளையாக ஏற்க மறுக்கும் இந்த நிலைப்பாடு, தொப் சூப் தர்க்கத்தின் முதற்படியையே அசைக்கிறது.

அத்தொடர் ஒளிபரப்பான நாளில் டீனும் ஃபாமும் தாய்லாந்தில் மணம் புரிந்து பதிவு செய்திருக்க முடியாது. திருமணச் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரி 23 அன்று. அந்நாள் முதல் கணவன், மனைவி என்ற சொற்களுக்குப் பதிலாகச் சட்டம் இருவரையும் வாழ்க்கைத் துணைவர் என்றே குறிக்கிறது. சொத்துரிமை, வாரிசுரிமை, தத்தெடுப்பு, விவாகரத்து ஆகியவை அவர்களுக்கும் பொருந்துகின்றன. பதிவு இல்லாத உறவின் அவலத்தை வைத்தே ஓடிய ஒய் தொடர்களும், மூத்தவள்-இளையவள் என்ற பாகுபாட்டை வைத்தே ஓடிய லக்கோன்களும் இனிமேல் சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். மறுபதிப்புக்காகக் காத்திருக்கும் பழைய நாவல்களில் எவற்றைத் திருத்தாமல் எடுக்க முடியாது என்பதையும் இந்தச் சட்டமே தீர்மானிக்கத் தொடங்கும்.